தறியில் மாட்டிய சீட்டுக்கட்டு

நம் வயதுக்காரர்களிடம் தக்ளி என்று சொன்னால் போதும், விரல்கள் தாமாகவே திரிக்கத் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் பஞ்சை இழுத்து இழுத்து நூற்றது, நூல் அறுந்தால் தலையில் குட்டு வாங்கியது எல்லாம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஆனால் அட்டையை வைத்து நாடா நெய்தது நினைவிருக்கிறதா என்று கேட்டால் யாரும் தலையாட்டுவதில்லை. எங்கள் பள்ளியிலேயே அது ஒரு மழைக்காலம்தான் நடந்தது. அதனால்தான் எழுதி வைக்கத் தோன்றியது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க எனக்கு வராது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வேண்டும் என்றால்கூடப் பக்கத்து இலைக்காரர் கேட்கும்வரை காத்திருப்பேன். எழுதுவதில் அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் வீடு விழுப்புரத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அப்பா மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மில்லில் மூட்டை தூக்கினார். மழை பிடித்துக்கொண்டால் மல்லாட்டை காயாது, மில்லும் ஓடாது. அந்த மாதங்களில் மில்லுக்குப் பின்னால் இருந்த கோணிக் கிடங்கில் சீட்டாட்டம் ஓடும்.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு கைத்தொழில் டீச்சர் வந்தார். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார். கையில் குடை, தோளில் காக்கிப் பை. ஒரு நாள் அந்தப் பையிலிருந்து ஒரு கை நீளப் பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பலகையின் இரண்டு முனையிலும் முளை அடித்திருந்தது. முளைக்கு முளை இழுத்துக் கட்டிய பாவு நூல். அந்த நூல்களின் நடுவில் சதுரமான அட்டைகள் புத்தகத் தாள் போல ஒட்டி நின்றன. ஒவ்வொரு அட்டைக்கும் நான்கு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு நூல்.

"பெரிய தறி நிக்கறதுக்கு ஒரு வீடு வேணும். இது மடியில உக்காந்துக்கும்," என்றார் டீச்சர்.

அட்டைகளை மொத்தமாகப் பிடித்துக் கால் வட்டம் திருப்பினார். மேல் நூலும் கீழ் நூலும் பிரிந்து வாய் திறந்தது. அந்த வாய்க்குள் குறுக்கே ஊடை நூலை நுழைத்து ஒரு மரப்பட்டையால் தட்டினார். மறுபடி திருப்பினார், பழைய வாய் மூடி வேறொரு வாய் திறந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் அகலத்துக்கு ஒரு நாடா, நீலமும் வெள்ளையுமாக, அம்பு அம்பாக வளர்ந்தது. யாரோடும் பேசாமல் செய்யக்கூடிய வேலை உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பலகையும் நூலும் பள்ளியில் தருவார்கள், பதினாறு அட்டை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்றார். பையன்கள் சோப்பு டப்பா, காலண்டர் அட்டை, மிட்டாய்ப் பெட்டி எல்லாம் வெட்டிக்கொண்டு வந்தார்கள். நான் ஊதுவத்தி டப்பாவை வெட்டினேன். மழைக் காற்றில் எல்லாம் அப்பளம் போலத் தளர்ந்துபோயின. நூலை இழுத்துக் கட்டியதும் ஓட்டை கிழிந்து வாயைப் பிளந்தது. கடைக்குப் போய் நல்ல அட்டை கேட்கலாம்தான். அதற்குக் கடைக்காரரிடம் பேச வேண்டுமே.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை விட்டு எழுந்து, கூரை மூங்கிலின் சந்தில் கைவிட்டு, அப்பாவின் சீட்டுக்கட்டை எடுத்து என் முன்னால் போட்டார்.

"இத்த வுட கெட்டி அட்டை எங்க கெடைக்கும்? எத்தினி கேட்டாங்க?"

"பதினாறு."

"படம் போட்டதா பாத்து எடு. அதான் மழைக்குத் தாங்கும்."

ராஜா, ராணி, ஜாக்கி மூன்றும் நான்கு நான்காகப் பன்னிரண்டு. மேலே நாலு ஆசு. கணக்கு சரியாக வந்தது. அம்மாவுக்குச் சீட்டு விளையாடத் தெரியாது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டிலிருந்து எதை எடுத்தால் ஆட்டமே நடக்காது என்று அவ்வளவு சரியாகத் தெரிந்தவரை இப்போது நினைத்தால் சந்தேகமாக இருக்கிறது.

இதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். போன மழைக்கு அப்பா சைக்கிளைச் சீட்டில் விட்டுவிட்டார். அந்த வாரம் அம்மா ஒரு சீட்டுக்கட்டை அடுப்பில் போட்டார். இன்னொரு கட்டைக் கிணற்றில் போட்டார். இரண்டு முறையும் மறுநாளே பெட்டிக்கடையிலிருந்து புதுக்கட்டு வந்துவிட்டது. கடைசியாக அம்மா கத்தவில்லை. சாதம் போட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தரம் நீ ஆடினன்னு காதுல வுழுந்தா, ரெண்டு புள்ளைங்களையும் இட்டுக்கினு முகையூரு பூடுவேன். அப்பறம் வரமாட்டேன்." முகையூரில் மாமா இருந்தார். அம்மா சொன்னால் செய்கிறவர் என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். தங்கைப் பாப்பா மட்டும்தான் அப்போது ஒன்றும் தெரியாமல் தூளியில் இருந்தாள்.

சீட்டுகளை எடுத்த அன்று அப்பா வீட்டுக்கு வந்தபோது அம்மா மூட்டை தைக்கும் கோணி ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தார். முதல் ஓட்டை விழுந்திருந்தது. மெழுகும் அட்டையும் கருகிய வாடை வீடெல்லாம். அப்பா குனிந்து, சீட்டுக்கட்டில் மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"ஆசும் பூடுச்சு, படமும் பூடுச்சு. மீதி வெறும் உமிதான்."

"உன் புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல கேட்டாங்க," என்றார் அம்மா, ஊசியைத் திருப்பிக்கொண்டே.

அப்பா என்னைப் பார்த்தார். நான் கத்திரிக்கோலைக் கையில் வைத்திருந்தேன். டீச்சர் சதுரமாக வெட்டச் சொல்லியிருந்தார்.

"ஓட்ட போட்டுக்கோ," என்றார் அப்பா. "வெட்டாத. ஓட்ட வுழுந்தாலும் சீட்டு சீட்டுதான். நெய்ஞ்சி முடிச்சதும் எங்கிட்ட அப்பிடியே குடுத்துடணும். இன்னா?"

நான் தலையாட்டினேன். அம்மா அடுத்த ஓட்டையைப் போட்டார்.

வெட்டாத சீட்டு நீளமாக இருந்ததால் திருப்பும்போது பலகையில் இடித்தது. அதற்கு அப்பா வேலிக்கருவை ஒடித்து, இழைத்து, இரண்டு உயரமான முளைகள் செய்து மாட்டினார். சீட்டைக் காப்பாற்றத்தான் அந்தப் பாடு. ஆனாலும் மில்லுக்குப் போகாத நாளில் அப்பா வீட்டில் உட்கார்ந்து ஒரு வேலை செய்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நூல் கோக்கும்போதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் இஸ்பேடு ராணிக்குப் பக்கத்தில் டைமண்டு ஜாக்கியை வைத்தால் அவருக்குப் பொறுக்கவில்லை.

"டேய், அது எப்பிடிடா சேரும்? ஆசு, ராஜா, ராணி, ஜாக்கி. நாலும் ஒரே ஜாதி. அப்பறம் அடுத்த ஜாதி."

அந்த வரிசையிலேயே கோத்தேன். மற்றப் பையன்களின் அட்டை கைநழுவி இடம் மாறினால் எது எங்கே இருந்தது என்று தெரியாமல் அழுவார்கள். எனக்கு அந்தக் கவலை வந்ததே இல்லை. ராஜாவுக்கும் ஜாக்கிக்கும் நடுவில் ராணியைக் காணோம் என்றால் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

பள்ளிக்கு எடுத்துப்போனதும் கேலி தொடங்கியது. "டேய், இவன் தறியில ரம்மி ஆடறான்டா." "டிக்ளேர் பண்ணிட்டியாடா?" எனக்குக் காதெல்லாம் சுட்டது. மறுநாள் பலகையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். டீச்சர் காரணம் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் அன்று மாலை ரயிலுக்குப் போகிற வழியில் குடையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

தறியில் வரிசையாக நின்ற சீட்டுகளைப் பார்த்ததும் டீச்சரின் முகம் மாறியது. "சின்னப் பிள்ளை கையில கொடுக்கிற பொருளாங்க இது?" என்று அப்பாவைக் கேட்டார். மூட்டை தூக்கும் அவ்வளவு பெரிய உடம்பு கதவோரம் ஒதுங்கி நின்றது.

"அந்தப் பழக்கத்துக்கு நாங்க குடுக்கலீங்க. நீங்கதான் அட்டை கேட்டீங்க," என்றார் அம்மா.

"அப்ப வெட்டிடுங்க. சதுரமா இருந்தா கைக்கும் சுலபம், பார்க்கவும் சீட்டு மாதிரி இருக்காது."

அப்பா தரையைப் பார்த்தார். "வெட்டினா பாவமுங்க. ராஜா ராணிக்குத் தலை பூடும்."

டீச்சர் சிரித்துவிட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியவர், நான் வீட்டிலேயே நெய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் தறி எங்கள் வீட்டில் குடியேறியது. வாசலோரம் வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். மழை நாளில் நனைந்த கோணிகள் வீட்டுக்குள் காயும். அந்த வாடையோடு புது நூலின் கஞ்சி வாடை. திருப்பினால் சீட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சரக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பார்.

முதலில் பெரிய தப்பு செய்தேன். முன்பக்கமாகவே திருப்பிக்கொண்டு போனேன். சீட்டுக்கு இந்தப் பக்கம் நாடா அழகாக வந்தது. அந்தப் பக்கம் நூலெல்லாம் முறுக்கேறி, கடைசியில் சீட்டு அசையவே மறுத்தது. "மூட்டைக் கயிறு மாதிரி முறுக்கிக்கினு கெடக்குது, வந்த வழியே திருப்புடா," என்றார் அப்பா. டீச்சர் சொல்லித்தந்ததும் அதுதான், நான் மறந்திருந்தேன். எத்தனை தரம் முன்னால் திருப்பினோமோ அத்தனை தரம் பின்னால் திருப்ப வேண்டும். திருப்பும் இடத்தில் நாடாவில் அம்புகள் முகம் மாறி எதிர்ப்பக்கம் பார்க்கும். அம்மாவுக்கு அந்த இடம்தான் மிகவும் பிடித்தது. விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்.

அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு நாள் நான் சோறு தின்னப் போன நேரத்தில் சீட்டுகளைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறார். பிடித்ததும் பழக்கத்தில் விசிறி போல விரித்துவிட்டார். நூல் அத்தனையும் சிக்கல். நான் எச்சில் கையோடு ஓடி வந்து பார்த்தபோது, சீட்டு விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு விடவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அப்புறம் அதிகம் பார்த்ததில்லை.

பாவு தீரும் நேரம் வந்தது. இன்னும் ஒரு சாண் நெய்தால் நாடா முடிந்துவிடும், அறுத்து எடுத்தால் சீட்டுகள் கழன்று வந்துவிடும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"அறுக்காத. கன்னுக்குட்டிக்குக் கழுத்துல கட்ட ஒண்ணு வேணும்."

நெசவுக்காரர் வீட்டிலிருந்து அம்மாவே நீல நூலும் வெள்ளை நூலும் வாங்கி வந்தார். பழைய நூலின் முனை ஒவ்வொன்றிலும் புதுநூலை முடிந்தார். சீட்டு கழலாமலே பாவு நீண்டது. கன்றுக்குட்டிக்கு ஆனதும் மாமா வீட்டுப் பெட்டிக்கு ஒன்று வேண்டியிருந்தது. அப்புறம் பாப்பாவின் தூளிக்கு, எதிர்வீட்டம்மாவின் பைக்கு. என் நாடா அம்மாவுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நான் பூரித்துப்போயிருந்தேன். பாவு இருக்கும்வரை ராஜாவும் ராணியும் சிறையில் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

மில் மேஸ்திரி அவ்வப்போது வாசலில் வந்து குரல் கொடுப்பார். அப்பாவின் சீட்டுக் கூட்டாளி அவர்தான்.

"இன்னா மச்சான், கெடங்குப் பக்கம் ஆளையே காணோம்?"

"சீட்டு தறியில மாட்டிக்கினு இருக்குது மச்சான். புள்ளை நெய்யறான்."

"அட பேஜாரே. ராஜாவுக்கே வேலை குடுத்துட்டியா?"

கேலி செய்துவிட்டுப் போய்விடுவார். பெட்டிக்கடை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. சீட்டுக்கட்டு அங்கே எப்போதும் தொங்கும். அடுப்பில் போட்டபோதும் கிணற்றில் போட்டபோதும் மறுநாளே போய் வாங்கியவர், இந்தத் தடவை ஏன் போகவில்லை என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

முகையூர் மாமிக்குக் குழந்தை பிறந்தது. அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸுக்குப் போகும் முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாவு கொஞ்சம்தான் இருக்குது. நான் வர்ற வரைக்கும் முடிச்சிடாத. மெதுவா நெய்யி."

"ஏம்மா?"

"சொன்னா கேளு. மெதுவா நெய்யி."

மெதுவாகத்தான் நெய்தேன். ஆனால் டீச்சர் பள்ளியில் என்னை நிறுத்தி, திண்டிவனத்தில் கைத்தொழில் கண்காட்சி வைக்கிறார்கள் என்றும் என் நாடாவை எடுத்துப்போக வேண்டும் என்றும் சொன்னார். நாளைக்கே அறுத்துக் கொண்டு வந்துவிடு என்றார். முடிக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார், இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை மீதியை நெய்து முடித்தேன். அப்பாதான் கத்திரிக்கோலால் அறுத்தார். நூல்களை உருவியதும் பதினாறும் அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தன. மூங்கில் சந்திலிருந்து மற்றவற்றை எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் கலைத்தார். ஓட்டைகள் தட்டுப்பட்டுச் சத்தம் கரகரத்தது. வாசலில் மேஸ்திரி. யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியாது.

"ஜெயிலு தொறந்துட்டாங்களா மச்சான்? வா, ஜல்தி."

அப்பா சீட்டுக்கட்டை மடியில் செருகிக்கொண்டார். தலையில் ஒரு கோணியைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாடாவைப் பள்ளியில் கொடுத்துவிட்டு வயிற்றுவலி என்று சொல்லி வந்துவிட்டேன். வெறும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வருவார், கேள்விப்படுவார், எங்களை முகையூருக்குக் கூட்டிப்போவார். அப்பா இந்த வீட்டில் தனியாகக் கோணி காயவைத்துக்கொண்டு இருப்பார். நான் முடித்ததால்தானே எல்லாம் என்று நினைத்தேன். மாமா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் அந்த உயரமான முளைகளை யார் செய்து கொடுப்பார்கள்?

பள்ளி விடுவதற்கு முன்பே அப்பா வந்துவிட்டார். கோணிக்குள் எதையோ நனையாமல் அணைத்துக்கொண்டு வந்தார். பிரித்தால், நூல். அதே நீலம், அதே வெள்ளை. மடியிலிருந்து சீட்டுகளை எடுத்தார். பதினாறுதான் இருந்தன.

"உங்கம்மா போறப்ப நாடா எம்மாந் நீளம் இருந்துது?"

கையை விரித்துக் காட்டினேன்.

"அம்பு எத்தினி தரம் திரும்பியிருந்துது?"

அதையும் சொன்னேன்.

"அப்ப அவ வர்றதுக்குள்ள அத்தினியும் நெய்யணும். ஒக்காரு."

ஆசு, ராஜா, ராணி, ஜாக்கி என்று அவர் வரிசை வைத்தார், நான் கோத்தேன். பாவின் முனைகளைச் சேர்த்து முளையில் அவரே கட்டினார். அம்மா வரும்வரை வேறு வேலை பார்க்கவில்லை. அவர் இரண்டு கையாலும் சீட்டுகளைப் பிடித்துத் திருப்புவார், நான் ஊடையை நுழைத்துத் தட்டுவேன். விசிறி விரிக்கத் துடித்த விரல்களை இறுக்கி வைத்துக்கொள்ள அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "முன்னால திருப்பட்டுமா, பின்னாலயா?" என்று ஒவ்வொரு தரமும் என்னைக் கேட்டார். என்னைக் கேட்டு ஒருவர் வேலை செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. கஞ்சியைக்கூடத் தறிக்குப் பக்கத்திலேயே வைத்துக் குடித்தோம்.

கிடங்கில் நடந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நானும் அதே மில்லில் மூட்டை தூக்கப் போன பிறகு, கிழவராகிவிட்ட மேஸ்திரி சொன்னார்: "ஓட்ட சீட்டப் பாத்து நாங்கல்லாம் சிரிச்சோம். கை போட்டாச்சு. உங்கப்பனுக்கு வந்த கை மாதிரி எனக்கு ஜென்மத்துல வந்ததில்ல. ராஜாவும் ராணியுமா சேந்து வந்துது. அத்தப் பாத்துக்கினே இருந்தான். பையன் தனியா இருக்கான்னு எழுந்துட்டான். அதோட வுட்டானா? எங்க கையில இருந்த படத்தையெல்லாம் புடுங்கிக்கினான்டா. உமிய நீங்களே வெச்சிக்குங்கன்னு சொல்லிட்டு மழையில பூட்டான்."

திண்டிவனம் போன நாடா திரும்பி வரவில்லை. மறுவருடம் டீச்சரையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சீட்டுகளின் ஓட்டைகளை நூல் அறுத்து அறுத்து, முதலில் ஆசுகள் போயின. முளைகளோடு பலகையும் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது.

அந்த முறை அம்மா முகையூரிலிருந்து வந்தது ஒரு வெயில் அடித்த பிற்பகல். அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் தறியில் இருந்தேன். அம்மா பாப்பாவை இறக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தார். நீளத்தைப் பார்த்தார். சரியாக இருந்தது. அம்புகள் திரும்பிய இடங்களை விரலால் தடவினார். அதுவும் சரியாக இருந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு அவர் விரல் மெல்ல நகர்ந்து முளைக்குப் போனது.

அங்கே முடிச்சு இருந்தது. அம்மா முடிகிற சின்ன முடிச்சு இல்லை. மில்லில் மூட்டையின் வாயைக் கட்டும் முடிச்சு. ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த முடிச்சுப் போடத் தெரிந்தவர் ஒருவர்தான்.

அம்மா அந்த முனையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் அப்பாவின் சொம்பிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் நின்றுவிட்டது. அம்மா முனையை இழுக்கவில்லை. விட்டுவிட்டு, என் தலையில் கையை வைத்தார்.

"இனிமே மெதுவா நெய்யணும்னு இல்லடா," என்றார், வாசலுக்கும் கேட்கும்படியாக. "உன் இஷ்டத்துக்கு நெய்யி."

வாசலில் மறுபடியும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.